டிக் வான் டைக்கின் பழைய டிவி படம் யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் கூரை மேல் ஆட்டம் போடுவாரே டிக் வான் டைக், அவர் 1974ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காக 'தி மார்னிங் ஆஃப்டர்' என்ற படத்தில் குடிநோயாளியாக நடித்தார், எம்மி விருதுக்குப் பெயரும் போனது, ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. நிஜத்திலும் குடியோடு மல்லுக்கட்டியவர் அவர். எனக்குக் கிடைத்தது ஏதோ வீடியோ கேசட்டிலிருந்து எடுத்த பிரதி. முகம் கிட்டத்தில் வரும்போதெல்லாம் கோடு ஓடுகிறது, பாதி வசனம் இரைச்சலில் போச்சு. சப்டைட்டிலோடு நல்ல பிரதி எங்கே கிடைக்கும்? அப்புறம், சிரிப்பு நடிகர்கள் டிவி படங்களில் இப்படிக் கலங்கடித்தது வேறு இருந்தாலும் சொல்லுங்கள். கரோல் பர்னெட்டின் 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' (1979) பார்த்தாயிற்று.