எலி செத்துக் கிடந்தால் பிளேக் குச்சி டெஸ்ட் போடலாமா?

செல்வி, நாகலூர் (ஏற்காடு):
வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் காபிக் களத்தை ஒட்டிய சாக்குக் கொட்டகையில் நாலு எலி செத்துக் கிடந்தன. எலி மருந்தே வைக்கவில்லை என்று காவல்காரர் அடித்துச் சொல்கிறார். கூரையிலிருந்து எலி விழுந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு காட்டில் குடிசை போட்டுவிடுவார்களாம் அந்தக் காலத்தில். அம்மாயி சொல்லிச் சொல்லி பிளேக் வருமோ என்ற அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. டெங்கு கார்டு டெஸ்ட் தினமும் போடுகிறேன். அதே மாதிரி பிளேக்குக்கும், மாதிரியில் தோய்த்தால் கோடு காட்டும் ஒரு குச்சி உண்டு என்று படித்தேன். அதிலுள்ள ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம்) கிருமியின் எதைப் பிடிக்கிறது? எலியின் தெள்ளுப்பூச்சியை நசுக்கிப் போட்டாலும் காட்டுமா?

நுண்ணுயிரியல் ஆசிரியர், சேலம்:
செல்வி, முதலில் எலியை யாரும் வெறுங்கையால் தொடாதீர்கள். உடம்பு ஆறியதும் தெள்ளுப்பூச்சிகள் இறங்கி வேறு ஆளைத் தேடும்.
குச்சி பிடிப்பது எஃப்1 என்ற புரதத்தை. கிருமி தன்மேல் போர்த்திக்கொள்ளும் உறை அது. பிளேக் கிருமியான எர்சினியா பெஸ்டிஸின் நெருங்கிய பங்காளி சூடோடியூபர்குலோசிஸ் என்ற கிருமி; அதற்கு அந்த உறை கிடையாது. அதனால் ஆளை மாற்றிப் பிடிக்கிற தொல்லை குறைவு. மடகாஸ்கர் பாஸ்டர் நிலையத்தார் 2003இல் வெளியிட்ட குச்சி, ஒரு மில்லிலிட்டரில் அரை நானோகிராம் எஃப்1 இருந்தாலே 15 நிமிடத்தில் கோடு காட்டியது. தங்கத் துகள் ஒட்டிய ஓர் ஆன்டிபாடி எஃப்1ஐப் பற்றிக்கொள்ளும், கோட்டில் உள்ள இன்னொன்று அதை அங்கேயே நிறுத்திப் பிடிக்கும்; துகள்கள் சேர்ந்து கோடு தெரியும். உங்கள் டெங்கு கார்டு வேலை செய்யும் விதம்தான்.
ஆனால் தெள்ளுப்பூச்சியில் நம்ப முடியாது. 37 டிகிரிச் சூட்டில்தான் கிருமி இந்த உறையை நன்றாகப் போடும். பூச்சியின் உடம்பில் அந்தச் சூடு ஏது? நெகட்டிவ் வந்தாலும் கிருமி உள்ளே இருக்கலாம். அதற்குக் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் சரி.

ஓய்வுபெற்ற சுகாதார ஊழியர், ஓசூர்:
எங்கள் ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரியும் ஒருகாலத்தில் சேலம் ஜில்லாதானே அம்மா. இந்தப் பக்கத்து எலிகளைக் கண்காணிக்கப் பெங்களூரில் மத்திய அரசின் பிளேக் பிரிவு இருக்கிறது. உயிரோடு பிடித்த எலியின் ரத்தத்தில் பார்ப்பது நேர்மாறான சோதனை: ஆட்டுச் சிவப்பணு மேல் எஃப்1 பூசி, எலியின் உடம்பே உண்டாக்கிய ஆன்டிபாடி இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிருமி வந்து போன தடம் அது. இப்போது இருக்கிறதா என்று அது சொல்லாது. நீங்களே மாதிரி எடுக்க வேண்டாம், சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் கொடுங்கள்.

செல்வி:
ரொம்ப நன்றி சார், ஐயா. ஆய்வாளருக்குக் காலையிலேயே போன் போட்டுவிட்டேன். கொட்டகையைப் பூட்டியாயிற்று. சாக்கு உதறிய அக்காவுக்குக் காய்ச்சலோ, தொடை இடுக்கிலும் அக்குளிலும் கட்டியோ இல்லை. ஒரு வாரம் தினமும் போய்ப் பார்ப்பேன். லேசாகச் சுட்டாலும் அன்றைக்கே சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன்.