லேசிக் கேஷ்லெஸ் மறுத்துவிட்டார்கள், அவசரம்!

சோடாபுட்டி:
அடுத்த வாரம் லேசிக் (கண்ணாடியைக் கழற்ற உதவும் லேசர் ஆபரேஷன்) செய்யத் தேதி வாங்கியாயிற்று. இன்று பார்த்தால் கேஷ்லெஸ் (இன்சூரன்ஸே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) கிடையாது என்கிறார்கள். பவர் அதிகம் இருந்தால் கிடைக்கும் என்று கவுண்டரில் சொன்னார்களே! என்ன செய்யலாம்?

நிலவன்:
பவர் எவ்வளவு? சொந்த பாலிசியா, ஆபீஸில் கொடுத்ததா? கடிதத்தில் என்ன காரணம் போட்டிருக்கிறார்கள்?

தேவி ம:
கேஷ்லெஸ் மறுத்தால் கிளெய்மே போச்சு என்று அர்த்தமில்லை. கைப்பணம் கட்டிவிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட் கேளுங்கள். நான் எப்போதும் அப்படித்தான்.

பழம்புலி:
எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பாலிசியில் சொல்லும் விலக்குகள் பக்கத்தைப் படிக்காமல் தேதியை வாங்கிவிட்டு இங்கே வந்து 'அவசரம்' என்பது வாடிக்கையாகிவிட்டது. விலக்கில் இருந்தால் ரீஇம்பர்ஸ்மென்ட்டிலும் அதே பதில்தான் வரும் அம்மா. கண்ணாடியைக் கழற்றுவது இவர் ஆசை, அதற்கு இன்சூரன்ஸ் எதற்குத் தர வேண்டும்?

நிலவன்:
மைனஸ் எட்டு, ஒன்பது இருப்பவரிடம் போய் ஆசை என்று சொல்லிப் பாருங்கள் சார்.

சோடாபுட்டி:
ஆபீஸ் பாலிசி. வலது -8.25, இடது -6.75. 'பார்வைக் குறைபாடு 7.5 டையாப்டருக்குக் குறைவு' என்று கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. டையாப்டர் என்றால் பவரின் அளவுதானே.

நிலவன்:
அப்படியென்றால் வலது கண் அந்த விலக்கில் வரவே இல்லையே! இரண்டு கண்ணையும் ஒரே எஸ்டிமேட்டில் போட்டிருப்பார்கள். கண்ணுக்குக் கண் தனியாக எழுதி வாங்கி, பவர் சீட்டோடு ஹெச்ஆர் வழியாகத் திரும்ப அனுப்புங்கள்.

குமரேசன்:
இடது கண்ணில் சிலிண்டர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்கான பவர்) உண்டா? அதில் பாதியைச் சேர்க்க வேண்டும். -1.50 இருந்தால் மொத்தம் -7.50. அப்புறம் அது எப்படி 'குறைவு' ஆகும்?

பழம்புலி:
அது டாக்டர் கணக்கு தம்பி. பாலிசியில் எங்கே இருக்கிறது?

குமரேசன்:
சேர்க்கக் கூடாது என்று மட்டும் எங்கே இருக்கிறது?

பழம்புலி:
எழுதாததெல்லாம் உண்டு என்றால் பாலிசி எதற்கு?

தேவி ம:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சோடாபுட்டி, காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவரா? லென்ஸைக் கழற்றிச் சில நாள் விட்டு எடுத்த அளவுதான் சரியாக இருக்கும். பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பழைய பவருக்கு அவைதான் சாட்சி.

நிலவன்:
இன்னொன்று. அவர்கள் சொன்ன தொகை ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா? ஸ்கேன், சொட்டு மருந்து, பவர் மிச்சம் இருந்தால் மறுபடி செய்வது எல்லாம் அதில் அடங்குமா? வட்டியில்லாத் தவணை என்றால் பிராசசிங் கட்டணத்தையும் கேளுங்கள். இவ்வளவு பவருக்கு கார்னியா (கண்ணின் முன்படலம்) தடிமன் போதாமல், கண்ணுக்குள் லென்ஸ் வைக்கச் சொல்வதும் உண்டு. அது லேசிக்கைவிடச் செலவு கூடுதல். முதலில் ஸ்கேன் முடியட்டும்.

சோடாபுட்டி:
திரும்ப அனுப்பினேன். வலதுக்கு ஒப்புதல் வந்துவிட்டது. இடதுக்குக் கைக்காசு. தேதியைத் தள்ளியாயிற்று. நன்றி.

குமரேசன்:
சரி, சிலிண்டர் எவ்வளவு?

குமரேசன்:
ஹலோ?