'மவுண்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

குழுமத்தாருக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செல்லும் இளைஞர்களுக்காக, ஆக்‌ஷன் கேமராவைத் தேர்ந்து பொருத்துவது பற்றிய 32 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களில் வேலை நின்றுவிட்டது. ஒன்று, ஓட்டத்தில் இருக்கும்போதே படமெடுக்கும் சிறு கருவியான 'ஆக்‌ஷன் கேமரா'. மற்றொன்று, கைப்பிடிக் கம்பியிலோ பெட்ரோல் டேங்க்கிலோ தலைக்கவசத்தின் மோவாய்ப் பகுதியிலோ கேமராவைப் பிடித்து நிறுத்தும் 'மவுண்ட்'. முன்னதற்கு 'அதிரடிக் கேமரா' என்றும் பின்னதற்குத் 'தாங்கி' என்றும் எழுதிவைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வண்டியோட்டுபவர்களோ, ஜெராக்ஸ் என்பதைப் போல, எந்த நிறுவனத்தின் கருவியையும் 'கோப்ரோ' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

---

அம்மா,

'அதிரடி' வேண்டாம். அதிர்தல் என்றால் நடுங்குதல். 'எதிரதாக் காக்கும் அறிவினார்க் கில்லை அதிர வருவதோர் நோய்' என்ற குறளுக்குப் பரிமேலழகரும் நடுங்க வரும் துன்பம் என்றே பொருள் கொண்டார். நடுக்கத்தை அடக்கிப் படமெடுக்கப் பிறந்த கருவிக்கு இப்பெயர் இடுவது, குளிர்பெட்டிக்கு அடுப்பு என்று பெயரிடுவதை ஒக்கும். 'கேமரா' என்பதோ லத்தீனில் வெறும் அறை. நான் 'துடிபடக் கருவி' என்று முன்மொழிகிறேன். துடி என்றால் விரைவு; உடுக்கையும் துடியே. அது பாலைத் திணைக்குரிய பறை என்பதையும், பாலை பிரிந்து வழிச்செல்வோரின் திணை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நெடுவழி செல்லும் வண்டிக்கு இதனினும் பொருந்திய சொல் கிடைக்காது.

---

ஐயா,

பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன். துடிப்பும் அதிர்வுதானே? நடுக்கத்தை வாசல் வழியாக விரட்டிவிட்டுக் கொல்லை வழியாக அழைத்து வந்துவிட்டீர்கள்.

அதிர்வைப் பற்றிய கவலை மட்டும் மிகச் சரியானது. ஒற்றை உருளை எஞ்சின் கொண்ட 350 சிசி வண்டியின் கைப்பிடியில் இறுக்கமில்லாத கேமரா இருந்தால், சாலையோர மின்கம்பங்கள் கூழ் போல நெளிந்து பதிவாகும். கேமராவின் உணரி (சென்சார்) ஒரு சட்டகத்தை (ஃபிரேம்) ஒரே நொடிப்பில் பார்ப்பதில்லை. வரி வரியாக வாசிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் எஞ்சின் கேமராவை அசைத்துவிடுகிறது. கருவிக்குள் இருக்கும் மின்னணு நிலைப்படுத்தல் படத்தின் ஓரங்களை வெட்டிக்கொண்டு பெரிய குலுக்கல்களைச் சரிசெய்யுமே தவிர, இந்த நெளிவை முழுதும் நீக்காது. ஆகவே கையேடு எந்தக் கேமரா என்பதற்கு நான்கு பக்கம் தந்தால், எப்படிப் பிடிப்பது என்பதற்கு எட்டுப் பக்கம் தர வேண்டும். கைபேசியையே மாட்டிக்கொள்ளலாமே என்போருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது.

'தாங்கி' கூடவே கூடாது. எங்கள் பாடத்தில் தாங்கி என்றால் பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்பு. 'கைப்பிடித் தாங்கியை இறுக்குக' என்று எழுதினால் என் மாணவன் ஸ்டியரிங்கைக் கழற்றத் தொடங்கிவிடுவான். கம்பியைக் கவ்வுவது 'கவ்வி', காற்றை வெளியேற்றி ஒட்டிக்கொள்வது 'உறிஞ்சி', பசையால் ஒட்டுவது 'ஒட்டி' என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒன்று எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் அது எப்போது விடும் என்பதும் இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் பாதி ஏறியிருந்தபோது, புழுதி துடைக்காத டேங்க்கின்மேல் நான் வைத்திருந்த உறிஞ்சி ஓசையில்லாமல் கழன்றது. காப்புக் கயிறு கட்டியிருந்ததால் கேமரா என் முழங்காலில் இடித்துக்கொண்டு தொங்கியது. இல்லையென்றால் பள்ளத்தில்தான் தேட வேண்டும்.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குறிப்பு.

எங்களிடம் தாங்கி என்றால் டேங்க். தண்ணீர்த் தாங்கி, பெற்றோல் தாங்கி என்றுதான் எழுதுகிறோம். அம்மையாரின் கையேடு இங்கே வந்தால், பெற்றோல் டேங்க்கில் பொருத்துவது 'தாங்கித் தாங்கி' ஆகிவிடும். 'கொழுவி' என்று சொல்லிப் பாருங்கள். சட்டையைக் கொழுவுவது போலக் கமராவையும் கொழுவலாம். மோவாய்க்கு நாங்கள் நாடி என்போம். ஆனால் 'நாடிப்பிடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்; வைத்தியரைத் தேடப் போகிறார்கள்.

---

கொழுவி அன்று, கொளுவி. கொள் என்னும் அடியிலிருந்து வந்ததாகையால் ளகரமே முறை. தென்மாவட்டங்களிலும் நாடியைப் பிடித்துக் கெஞ்சுவதுண்டு. தாடை என்பது பல் நிற்கும் எலும்பு. மோவாய் அதன் முன்முனை. இரண்டையும் குழப்ப வேண்டாம். நான் முன்மொழிந்த துடிபடக் கருவியை ஆதரித்து ஒருவரும் எழுதவில்லை.

---

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகத்துக்குப் போக வேண்டியிருப்பதால், இரவோடு இரவாகச் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பொதுச்சொல்லாக 'ஏந்தி' என்று வைத்தேன். தனிமடலில் எழுதிய ஐவரில் மூவர் அதற்கு இசைந்தனர். அவர்களில் ஒருவர் 'ஏதோ ஒன்று, முடியுங்கள்' என்றே எழுதியிருந்தார். வகைகளுக்குக் கவ்வி, உறிஞ்சி, ஒட்டி ஆகிய மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 'ஒட்டியைப் பதித்து 24 மணி நேரம் கழித்தே கேமராவை மாட்டுக' என்ற வரி எந்த விளக்கமும் இல்லாமல் புரிகிறது. 'மோவாய் ஏந்தி' என்ற தலைப்பின் கீழ், கேரள மோட்டார் வாகனத் துறை 2022இல் தலைக்கவசக் கேமராவைத் தடைசெய்ததைப் பெட்டிச் செய்தியாகச் சேர்த்திருக்கிறேன். ஆக்‌ஷன் கேமரா, ஆக்‌ஷன் கேமராவாகவே இருக்கிறது. ஐயா பொறுத்தருள வேண்டும்.

---

பொறுத்தேன். ஆனால் ஏந்துவது கை, ஏந்தப்படுவது கலம். திருகாணியால் முடுக்கப்பட்டுக் கிடப்பதை ஏந்துதல் என்று எவரும் பாடியதாக நான் படித்ததில்லை. இரண்டாம் பதிப்பு வருமாயின் எனக்கு ஒரு மாதம் முன்னதாகத் தெரிவிக்கவும்.