அட்டைப்பூச்சி கடித்த அனுபவம் உண்டா? அது எந்த அட்டை என்று பார்த்தீர்களா?

மழைக்காதலி:
போன ஜூனில், மழை பிடித்துக்கொண்ட வாரம், வால்பாறை போயிருந்தோம். தேயிலைத் தோட்டம் முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் பத்து நிமிடம்தான் நின்றிருப்போம். அறைக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் இரண்டு, விரலிடுக்கில் ஒன்று. கடித்ததே தெரியவில்லை. "அட்டைப்பூச்சி கடிச்சிருச்சு" என்றேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், "பூச்சின்னா ஆறு கால் இருக்கணுமேம்மா, எங்கே?" என்றாள்.

சரியான கேள்வி. இன்னும் கடிக்காத ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் விட்டுப் பார்த்தோம். பசியில் நூல் மாதிரி இருந்தது. பின்முனையில் அகலமான ஒட்டுறிஞ்சி, முன்முனையில் சிறியது. பின்னதை ஊன்றிக்கொண்டு உடலை நீட்டுகிறது, முன்னதைப் பதிக்கிறது, பின்பகுதியை இழுத்துக்கொள்கிறது. சாண் போட்டு அளப்பது போலவே டம்ளர் விளிம்புவரை ஏறிவிட்டது. மகள் அதன்மேல் ஊதியதும் அப்படியே நிமிர்ந்து நின்று, மூச்சு வந்த பக்கம் தலையை ஆட்டித் தேடியது.

கால் கிடையாது, உடல் முழுக்க வளையங்கள். பூச்சியே இல்லை, மண்புழுவுக்குச் சொந்தம். இரண்டும் வளைதசைப் புழுக்கள். முட்டைக்கூடு உண்டாக்கும் கிளைடெல்லம் என்ற தடித்த பட்டை இரண்டுக்கும் உண்டு. வளர்ந்த மண்புழுவில் அதை எப்போதும் பார்க்கலாம், அட்டையில் இனப்பெருக்கக் காலத்தில் மட்டும். முன்பெல்லாம் உயிரின வகைப்பாட்டில் மண்புழுவை ஒரு வகுப்பிலும் அட்டையை இன்னொரு வகுப்பிலும் வைத்துப் படித்தோம். டி.என்.ஏ. ஆய்வுகள் வந்தபிறகு, மண்புழுக் கூட்டத்துக்குள்ளிருந்தே பிரிந்த கிளைதான் அட்டை என்று தெரிந்துவிட்டது. எனக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஒரு விஷயம், வளையங்களை எண்ணி ஏமாறாதீர்கள். பாடநூல்களில் அட்டைக்கு 33 கண்டங்கள், அதாவது உடல் பகுதிகள், என்றிருக்கும், வெளியே தெரியும் வளையங்களோ அதைவிடப் பல மடங்கு. ஒரு கண்டமே மேலே பல வளையங்களாகப் பிரிந்து தெரிகிறது.

காட்டட்டைகளின் குடும்பம் ஹீமடிப்சிடே. நம் பக்கத்து அட்டைக்கு மூன்று தாடைகள். ரத்தத்தைத் துடைத்துப் பார்த்தால் கடிவாயில் மூன்று கோடுகள் நடுவில் சேரும். எச்சிலில் ரத்தத்தை உறையவிடாத பொருள் இருப்பதால் ராத்திரிவரை கசிந்தது. பிடித்து இழுக்காதீர்கள். மெலிந்த முனைக்கு அடியில் நகத்தை விட்டு மெல்ல நகர்த்தினாலே விட்டுவிடும்.

தொட்டிமீன்:
எனக்கு வீட்டுக்குள்ளேயே அனுபவம் அக்கா! மீன்தொட்டிக்கு வாங்கிய செடியோடு ஓர் அட்டை வந்துவிட்டது. அரிசி நீளம்தான். நத்தைகள் ஒவ்வொன்றாக வெறும் ஓடாகின. இதற்குத் தாடை இல்லை, ஊசி போல நீளும் உறிஞ்சு குழல் இருக்கிறது. அட்டைகளைப் பிரிக்கும்போது முதலில் பார்ப்பதே இந்தக் குழல் இருக்கிறதா இல்லையா என்றுதான். கண்ணாடியில் ஒட்டியிருந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயிற்றுக்கடியில் வெள்ளைப் புள்ளிகளாகக் குட்டிகள்! தாய் நகர்ந்தால் அவையும் அப்படியே தொங்கிக்கொண்டு போயின. அப்புறம் அதை எடுத்தெறிய மனசு வரவில்லை, தனி பாட்டிலில் வைத்திருக்கிறேன்.

மூலிகைத்தோழி:
சித்த மருத்துவத்தில் அட்டை விடல் என்றே, அட்டையை உடலில் விட்டு ரத்தம் உறிஞ்ச வைக்கும் ஒரு புறமருத்துவம் உண்டு. நான் படிக்கும்போது பார்த்தது குளத்து நீரட்டை, ஹிருடினேரியா. மஞ்சள் தண்ணீரில் விட்டதும் நெளிந்து சுறுசுறுப்பாகிவிடும். ரத்தம் குடிக்கும் அட்டைகளிலும் எது எது என்று பிரித்தறிவது எளிதில்லை. ஐரோப்பாவில் ஹிருடோ மெடிசினாலிஸ் என்ற மருத்துவ அட்டையின் பெயரில் விற்றுவந்தவை பெரும்பாலும் ஹிருடோ வெர்பானா என்ற வேறு இனம் என்பது 2007-இல்தான் உறுதியானது.

மண்டபத்துக்காரன்:
எங்கள் ஊரில் அட்டை என்றாலே கடலட்டைதான். சின்ன வயதில் இரண்டும் ஒரே சாதி என்று நினைத்திருந்தேன். கடலட்டை முட்தோலி என்ற கடல் உயிரினக் கூட்டம், நட்சத்திர மீனுக்கு உறவு, யாரையும் கடிக்காது. 2001-இல் பிடிக்கத் தடை வந்தது. இன்றும் வலையில் ஏறும். கையில் எடுத்தால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு விறைத்துக்கொள்ளும், திரும்பக் கடலில் விட்டுவிடுவோம்.

மழைக்காதலி:
மரவட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி, அது கணுக்காலி, பூச்சிகள் இருக்கும் கூட்டம். ஒரே பெயருக்குள் மூன்று உயிரினத் தொகுதிகள்! மகளிடம் சொன்னேன், நோட்டில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறாள். கடலட்டையின் வாய்ப்பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். அடுத்த முறை வலையில் ஏறினால், விடுவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?