முனியறைக் கல்லில் சிவப்பு வட்டம்

குழு: மறையூர் சொந்தங்கள்

திவ்யா: 📷 படம்

திவ்யா: கோவில்கடவுப் பக்கம் முனியறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். மூடுகல் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு வட்டம், உள்ளே மூன்று புள்ளி, பக்கத்தில் ஒரு அம்பு. போன மாதம் இல்லை. யாருக்காவது தெரியுமா?

செல்வி அத்தை: ஐயோ, புதையல் தேடுகிறவன் வைத்த அடையாளமா?

பெரியப்பா: புதையல் எங்கே செல்வி. முனிவர் தவம் செய்த அறை என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அது செத்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டை. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். சுண்ணாம்பு வைத்து ஒட்டவில்லை, கல்லின் பாரத்திலேயே நிற்கிறது.

கார்த்திக்: அம்பு எனக்குப் புரிகிறது. மலையேற வருகிற குழுவில் முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவர்களுக்குப் போடுவது. ஜீப் ஓட்டும்போது நிறையப் பார்க்கிறேன். சாக்பீஸ் என்றால் மழையில் போய்விடும், இது ஸ்பிரே பெயிண்ட். வட்டம் என்னவென்று பிடிபடவில்லை.

திவ்யா: சின்னவன் கேட்கிறான், "பழைய ஆட்கள் பாறையில் காவியில் வரைந்ததை மட்டும் ஏன் பார்க்கப் போகிறோம், அவர்களும் கிறுக்கினவர்கள்தானே?" என்று. எனக்குப் பதில் வரவில்லை பெரியப்பா.

பெரியப்பா: நல்ல கேள்விம்மா. வயநாட்டு எடக்கல் குகையில் சுவர் முழுக்கச் செதுக்கியிருக்கிறார்கள். 1890களில் ஃபாசெட் என்கிற போலீஸ் அதிகாரி பார்த்து வெளியே சொன்னார். கற்காலத்துச் செதுக்கல் இருக்கிற அதே சுவரில், ரொம்பப் பின்னால் வந்தவர்கள் பிராமி என்கிற பழைய எழுத்தில் தமிழ் வெட்டியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் அவனிடம் சொல். ஆனால் அப்படிப் பின்னால் வந்தவர்கள் கை வைத்த இடம் கொஞ்சம். இன்றைக்கு ஒரு லீவு நாளில் வருகிறவர்கள் ஆளுக்கொரு பெயர் எழுதினால் படிக்க அதுவும் மிஞ்சாது.

கார்த்திக்: ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நானும் அங்கே ஆணியால் பெயரைக் கீறினேன். திவ்யா போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இடது பக்கக் கல்லின் கீழ் மூலை. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கல்பாசி, என் எழுத்துக்குள் மட்டும் வெள்ளையாகக் கல் தெரிகிறது. இத்தனை வருஷமாகியும் மூடவில்லை. பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

செல்வி அத்தை: பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியா அண்ணா?

பெரியப்பா: அந்த வகைதான். பாறையோடு ஒட்டி வளர்வதில் சிலது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது.

கார்த்திக்: கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிடவா? பெயிண்டுக்குத் தின்னர் வாங்கி வருகிறேன்.

பெரியப்பா: வேண்டாம்பா! தேய்த்தால் கல்லின் மேல்தோலே போய்விடும். தின்னர் பெயிண்டைக் கரைத்து நுண்துளைக்குள் இறக்கிவிடும். தேதியோடு படம் எடுத்துக் கேரளத் தொல்லியல் துறைக்கு அனுப்பு. மலையாளத்தில் மனு நான் எழுதித் தருகிறேன்.

கார்த்திக்: சரி பெரியப்பா. ஜீப்பில் ஏறுகிறவர்களிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுகிறேன். என் பெயரையே காட்டிச் சொல்கிறேன்.

திவ்யா: அளவு தெரிய ஸ்கேல் வைத்து எடுக்கட்டுமா?

பெரியப்பா: வைம்மா. பெயிண்ட் மேல் படாமல் வை. கார்த்தி கீறினதையும் சேர்த்து எடு.