உருளைக்கிழங்கு உரிக்கும் நேரம்

கலைப்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ரொம்ப மெதுவாகப் போகிறது" என்ற குறைதான் முதலில் வந்து நிற்கும். அந்த நிதானத்தில் எவ்வளவு நடக்கிறது என்பதை எனக்கு உணர்த்திய படம், பெல்ஜிய இயக்குநர் ஷாந்தால் அகெர்மான் 1975-இல் இயக்கிய 'ழான் டீல்மன்'. பிரஸ்ஸல்ஸ் நகரில் மகனோடு வாழும் கணவனை இழந்த ஒரு பெண்ணின் மூன்று நாள்களை, 201 நிமிடங்களில், அசையாத கேமராவும் பின்னணி இசையில்லாத ஒலிப்பதிவுமாகக் காட்டுகிறது அது. அவள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், அறையை விட்டு வெளியேறும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள், பிற்பகலில் வந்துபோகும் ஆடவர் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசை மேலிருக்கும் பீங்கான் பாத்திரத்தில் போட்டு மூடுகிறாள்.

இந்த வேலைகளின் வரிசை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நம்மை அறியாமல் மனப்பாடமாகிவிடுகிறது. அதனால்தான் இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துபோக, அந்தப் பாத்திரத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சமையலறைக்கும் குளியலறைக்குமாக அலைந்தபோது எனக்கு நெஞ்சு படபடத்தது. பிறகு, மூடாமல் விட்ட பீங்கான் பாத்திரம், போடாமல் விட்ட ஒரு பொத்தான் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டு உறுத்தத் தொடங்கின. அவளாக நடித்த டெல்ஃபின் செரிக் அழுவதில்லை, புலம்புவதில்லை. மறுபடியும் கிழங்கு உரிக்க உட்காரும்போது அந்தக் கைகளிலேயே எல்லாம் தெரிகிறது.

ஹங்கேரிய இயக்குநர் பேலா தாரின் 'தி டூரின் ஹார்ஸ்' (2011) படத்திலும் தகப்பனும் மகளும் நாள்தோறும் வேகவைத்த உருளைக்கிழங்கைத்தான் உண்கிறார்கள். ஆனால் முதல் நாள் தகப்பன் முகத்தையும், அடுத்த நாள் மகளையும், அதற்கடுத்த நாள் இருவரையும் சேர்த்துக் காட்டுவதால், அதே சாப்பாட்டில் ஒவ்வொரு முறையும் வேறொரு துயரம் புலப்படுகிறது.

2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரைப்பட இதழ், எக்காலத்திலும் சிறந்த படங்களைத் தேர்ந்தெடுக்க நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 'ழான் டீல்மன்' முதலிடம் பெற்றபின், பட்டியலைப் பார்த்து ஆவலோடு தொடங்கிய பலர் அரை மணி நேரத்திலேயே நிறுத்திவிட்டதாகச் சொல்லக் கேட்டு வருந்தினேன். கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்தால் அந்த அன்றாடம் மனத்தில் பதியாது. பதியாத ஒன்று குலைவது கண்ணுக்கும் தெரியாது. ஆகவே, மூன்றரை மணி நேரத்தை முழுதாக ஒதுக்கி, கதைச்சுருக்கம் எதையும் படிக்காமல், ஒரே அமர்வில் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.