பாட வீடியோவில் குரல் பின்னால் வருகிறது, அவசரம்

சாக்பீஸ்77: போனில் எடுத்த பாடம். லேப்டாப்பில் போட்டு வெட்டி ஒட்டினால் வாயசைவு முன்னால் போகிறது, பேச்சு பின்னால் வருகிறது. நாளைக் காலைக்குள் பிள்ளைகளுக்கு அனுப்பணும். என்ன செய்யலாம்?

திரைமறைவு: எந்தப் போன், எந்த எடிட்டர், எத்தனை நிமிட வீடியோ? வித்தியாசம் முதலிலிருந்தே ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா? அதைச் சொல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

காதுகேள்: புளூடூத் மைக்தானே? அது எப்போதும் தாமதமாகத்தான் வரும். வயர் மைக் வாங்குங்கள், தீர்ந்தது. ஆனால் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம் இருக்கணும். இரண்டு வளையம் உள்ளதைச் செருகினால் பல போன்கள் மைக்காகவே எடுத்துக்கொள்ளாது.

சாக்பீஸ்77: ஆண்ட்ராய்டு. 40 நிமிடம். ஆரம்பத்தில் சரி, முடிவில் 2 விநாடி தள்ளிப்போகுது. மைக் எதுவும் மாட்டவில்லை.

காதுகேள்: அப்படியானால் சாம்பிள் ரேட், அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து பதிகிறது என்பது. ஒலி 44,100, புராஜெக்ட் 48,000 என்று இருக்கும்.

பிரேம்முப்பது: மாதத்துக்கு நாலு முறை இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. காதுகேள், கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்க. 48,000-ஐ 44,100 என்று வாசித்தால் 40 நிமிடத்தில் 3 நிமிடத்துக்கு மேல் விலகும், குரலும் தடித்துவிடும். 2 விநாடியில் நிற்காது.

சாக்பீஸ், போனிலேயே அசல் ஃபைலைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்க. அங்கே சரியாக இருந்தால் இது வேரியபிள் பிரேம் ரேட், அதாவது விநாடிக்கு இத்தனை படம் (பிரேம்) என்ற எண்ணிக்கை நிலையாக இல்லாமல் மாறுவது. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் அதிக நேரம் ஒளி வாங்க, போன் 30-ஐ 24, 20 என்று தானாக இறக்கும். 40 நிமிடத்துக்கு 72,000 பிரேம் வேண்டும். 60 குறைந்தாலே போதும். எடிட்டர் இருப்பதை 30 என்றே எண்ணி அடுக்கும், படம் 2 விநாடி முன்னாடி முடியும்.

திரைமறைவு: அதேதான். மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் விவரம் காட்டும் மென்பொருள்) ஃபைலைத் திறந்து 'பிரேம் ரேட் மோட்' பாருங்கள். வேரியபிள் என்றிருந்தால் ஹேண்ட்பிரேக்கில் (வீடியோவை மாற்றித் தரும் மென்பொருள்) போட்டு, வீடியோ பகுதியில் 30 தேர்ந்தெடுத்து, அதன் கீழே 'பீக்' என்று இருப்பதை 'கான்ஸ்டன்ட்' ஆக்குங்கள். வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264, தர அளவு ஆர்எஃப் 22. எச்.265 வேண்டாம், பழைய போன்களில் திக்கும். மாற்றிய ஃபைலைத்தான் எடிட்டருக்குள் கொண்டுபோகணும். ஏற்கெனவே வெட்டியதை மாற்றிப் பயனில்லை.

சிக்கனம்: 40 நிமிட வீடியோவை யார் பார்ப்பார்கள்? 8 நிமிடமாக ஐந்து துண்டு போடுங்கள். 720 வரித் தெளிவில் படத்துக்கு 500 கேபிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை கிலோபிட்), ஒலி 64 கேபிபிஎஸ் மோனோ வைத்தால் மொத்தமே 170 எம்பிதான்.

பிரேம்முப்பது: 500-இல் சாக்பீஸ் எழுத்து கரைந்துவிடும்.

சிக்கனம்: கரையாது. போன் ஸ்டாண்டில் நின்றால் பலகை அசையாத படம், பிட் அதிகம் தின்னாது. கையில் பிடித்து எடுத்தால்தான் கரையும். பலகையை முழுசாக எடுக்காமல் பாதியை நெருங்கி எடுத்தால் 720 தாராளம்.

பிரேம்முப்பது: ஆசிரியர் பலகை முன்னால் நடப்பதையும் அசையாத படம் என்பீர்களோ?

காதுகேள்: குரல் தெளிவாக இருந்தால் படம் மங்கினாலும் பாடம் புரியும். எதிரொலி கேட்டால் 4கே எடுத்தும் வீண். போன் மைக்கை 3 அடிக்குமேல் தள்ளி வைக்காதீர்கள்.

திரைமறைவு: அதற்குத் தனி இழை போடுங்கப்பா. சாக்பீஸ், அடுத்த முறைக்கு ஒன்று: ஜன்னல் உங்களுக்குப் பின்னால் இல்லாமல் முன்னால் இருக்கட்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் கேமரா முன் ஒரு தடவை கைதட்டுங்கள். இரண்டு தட்டையும் டைம்லைனில் பார்த்தால் விலகல் எவ்வளவு என்று உடனே தெரியும்.

சாக்பீஸ்77: வேரியபிள் என்றுதான் காட்டியது. மாற்றிப் போட்டதும் குரல் படத்தோடு ஒட்டிவிட்டது. நன்றி. வாட்சாப்பில் அனுப்பினால் எழுத்து மங்குதே?

சிக்கனம்: வீடியோவாக அனுப்பாதீர்கள், டாக்குமென்டாக அனுப்புங்கள். மங்காது.

பிரேம்முப்பது: இதுவும் முன்பே பேசியாச்சு.